பதினாலாம் நம்பரில் ஆள் இல்லை

வாலாம்பாளுக்கு வயது அறுபத்தொன்று. அவள் பெயருக்கு வயது அதைவிட அதிகம். பஞ்சாபகேசன் தன் ஒரே பெண்ணுக்கு ஆசையாக வைத்த பெயர். பம்பாய் பாலார்ட் எஸ்டேட் ஆபீஸில் முப்பத்திரண்டு வருஷம் டைப் அடித்தும் அந்தப் பெயரை முழுசாகச் சொல்ல அங்கே ஒருவருக்கும் நாக்கு வளையவில்லை. மிஸ் வாலா என்று நறுக்கிவிட்டார்கள். கம்பெனி டெல்லிப் பக்கம் குடிபெயர்ந்தபோது, வருகிறவர்கள் வரலாம் என்றார்கள். அப்பா படுக்கையில் இருந்ததால் இவள் போகவில்லை. ஒரு சுவர்க்கடிகாரத்தைக் கையில் கொடுத்து அனுப்பிவைத்தார்கள். அது மூன்றாம் மாதமே நின்றுபோனது என்பது வேறு விஷயம்.

இப்போது அவள் வீட்டிலிருந்து செய்யும் வேலைக்குத் தமிழில் ஒற்றை வார்த்தை கிடையாது. என்ன வேலை என்று கேட்பவர்களும் கிடையாது என்பதால் அது ஒரு குறையாகத் தெரியவில்லை. உல்லாஸ்நகரில் நிகில் என்று ஒருவன் இருக்கிறான். வக்கீல்களும் கட்டடக் கம்பெனிக்காரர்களும் ஸ்கேன் எடுத்த காகிதங்களை மூட்டை மூட்டையாக அவன் தலையில் கட்டுவார்கள். ஸ்கேன் என்பது வெறும் படம். அதில் ஒரு கமாவைக்கூட மாற்ற முடியாது. மாற்றி எழுதத் தோதான வேர்ட் ஃபைலாக அதை ஆக்கித் தரவேண்டும். நிகில் அந்த மூட்டைகளைப் பிரித்து, வீட்டிலிருந்து வேலை செய்யும் நாலைந்து பெண்களுக்கு அனுப்புவான். அதில் ஒருத்தி வாலாம்பாள்.

பிரவுசரில் ஒரு வலைத்தளம் திறந்து வைத்திருப்பாள். ஒரு தடவைக்கு இருபது ஃபைல். அள்ளி அதில் போட்டால் ஒரு பச்சைக் கோடு மெல்ல ஊர்ந்து போகும். மாற்றிக்கொண்டிருக்கிறோம், தயவுசெய்து இந்த ஜன்னலை மூடிவிடாதீர்கள் என்று இங்கிலீஷில் ஒரு வரி வரும். உலகத்தில் அவளிடம் இவ்வளவு பணிவாகக் கெஞ்சுவது அது ஒன்றுதான். கோடு முடிந்ததும் இருபது வேர்ட் ஃபைல் இறங்கும். அத்தோடு வேலை முடிந்தது என்று நினைப்பவன் அந்த வேலையைச் செய்து பார்த்ததில்லை. ரப்பர் ஸ்டாம்ப் விழுந்த இடமெல்லாம் கோழி கிளறிய மாதிரி குறிகளாக இருக்கும். பூஜ்யம் எழுத்தாகியிருக்கும். மூன்று பத்தி அட்டவணை ஒரே பத்தியாகச் சரிந்து கிடக்கும். இடப் பக்கம் ஸ்கேன், வலப் பக்கம் வேர்ட் என்று வைத்துக்கொண்டு வரி வரியாகச் சரிசெய்ய வேண்டும். ஒரிஜினலில் தப்பாக இருந்தால் தப்பாகவே இருக்கவேண்டும். இது நிகில் போட்ட சட்டமில்லை, டைப்பிஸ்ட் காலத்திலிருந்து அவளே வைத்துக்கொண்டது.

நிகில் அவளைப் பார்த்ததே இல்லை. "வாலா ஆன்ட்டி, நாற்பது ஃபைல், நாளைக்கு அஞ்சு மணி" என்று வாட்ஸப்பில் வரும். முடித்து அனுப்பினால் ஒரு கட்டைவிரல் வரும். சில வாரங்களில் அந்தக் கட்டைவிரலைத் தவிர வேறு யாரும் அவளிடம் எதுவும் சொன்னதில்லை.

அவள் இருப்பது மாட்டுங்கா கிழக்கில், சாந்தா சதன் மூன்றாம் மாடி, பதினாலாம் நம்பர் அறை. பழைய வாடகைக் கட்டடம். முன்பக்கம் நீள வராந்தாவும் எல்லோரும் ஏறி இறங்கும் மரப்படியும் உண்டு. பின்பக்கம் ஒவ்வொரு சமையலறையிலிருந்தும் ஓர் இரும்புப் படிக்குக் கதவு உண்டு. குப்பை எடுப்பவர்களுக்காக அந்தக் காலத்தில் வைத்த படி அது. ஒன்பது வருஷம் முன்பு அப்பா போன புதிதில், தனியாக ஒரு பொம்பளை இருக்கிறாள் என்று மோப்பம் பிடித்து வாட்டர் ஃபில்டர் விற்பவன், சந்தா கேட்பவன், ஜாதகம் பார்ப்பவன் என்று வரிசையாக வந்து கதவைத் தட்டினார்கள். வாலாம்பாள் ஒரு யோசனை பண்ணினாள். முன்வாசல் இரும்புக் கதவுக்கு வெளியே ஒரு பெரிய பூட்டை மாட்டிவிட்டு, சுற்றிக்கொண்டு போய்ப் பின்படியில் ஏறி உள்ளே வந்து உட்கார்ந்தாள். தன்னையே வெளியிலிருந்து பூட்டிக்கொள்ளும் சாமர்த்தியம் வேறு யாருக்கு வரும்? தட்டுபவர்கள் வருவது நின்றது. மற்றவர்கள் வருவதும் நின்றது.

அப்புறம் இன்டர்நெட் போட வந்த ஆள், முன்கதவுக்கு மேலே இருந்த வெண்டிலேட்டர் வழியாகத்தான் கேபிளை விட முடியும் என்றான். பிளக் பாயின்டும் அங்கேதான். எனவே கம்ப்யூட்டர் மேஜையை முன்கதவை ஒட்டியே போட்டாயிற்று. அன்றிலிருந்து அந்த வீட்டுக்குப் பின்படிதான் வாசல். வராந்தா தூங்கும் மத்தியான வேளையில் இறங்கிப் போய்க் காய்கறி வாங்கிவருவாள். கரென்ட் பில், வாடகை ரசீது எல்லாம் இன்னும் பஞ்சாபகேசன் பெயரில் வந்துகொண்டிருந்தன. போனவருக்குக் கடிதம் வருகிற வீட்டில் இருப்பவளுக்கு ஒன்றும் வராது. அதையும் அவள் ஒரு குறையாக நினைக்கவில்லை. அல்லது நினைக்காமலிருக்கப் பழகிக்கொண்டாள்.

போன ஆகஸ்டில் ஒரு திங்கட்கிழமை நாற்பத்தாறு ஃபைல் வந்தது. மாட்டுங்கா, வடாலா, ஸயான் பக்கத்துப் பழைய கட்டடங்களை இடித்துக் கட்டுகிற காகிதங்கள்தான் நிகிலுக்கு இப்போதெல்லாம் அதிகம். எந்த அறையில் யார் குடியிருக்கிறார்கள் என்று வீடு வீடாகப் போய் எழுதிய சர்வே தாள்கள் அவை. முதல் ஃபைலைத் திறந்தவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். சாந்தா சதன். தன் கட்டடம்! இடிக்கப் போகிறார்கள் என்ற நோட்டீஸை முன்படியில் ஒட்டியிருப்பார்கள் போலிருக்கிறது. முன்படியில் அவள் கால் வைத்துத்தான் எத்தனையோ காலமாயிற்றே.

பயத்தைவிட முதலில் அவளுக்கு வந்தது ஒரு குஷி. ஒவ்வொரு அறையாகச் சரிபார்த்துக்கொண்டு போனது வீடு வீடாகப் போய் விசாரித்துவிட்டு வருவது போலிருந்தது. ஆறாம் நம்பரில் ஏழு பேராம், எப்படித்தான் படுக்கிறார்களோ. பக்கத்து அறை பதின்மூன்றில் சாதனா, கணவன் ஆதர்ஷ், இரண்டரை வயதில் ஒரு குழந்தை. பெண் குழந்தை என்று இப்போதுதான் தெரிந்தது. அடுத்த ஃபைலைத் திறந்தாள்.

அறை எண் 14. வாடகைதாரர், பஞ்சாபகேசன், காலமானவர். தற்போது வசிப்பவர், யாருமில்லை. வெளியே பூட்டியிருக்கிறது. மூன்று முறை தட்டியும் பதிலில்லை. பல வருஷங்களாக இங்கே ஒருவரையும் பார்த்ததில்லை என்று அக்கம்பக்கத்தார் சொல்கிறார்கள்.

வழக்கம்போல வலைத்தளம் எதையோ உளறிவிட்டது என்றுதான் நினைத்தாள். இடப் பக்கம் ஸ்கேனைப் பார்த்தாள். உளறவில்லை. ஒரு எழுத்து பிசகாமல் மாற்றியிருந்தது. இத்தனை சுத்தமாக எந்தத் தாளும் இதுவரை மாறியதில்லை. கீழே சாட்சியாக இரண்டு பஞ்ச் கையெழுத்து. பம்பாயில் எந்த விஷயமானாலும் பக்கத்தில் இருக்கும் இரண்டு பேரைப் பஞ்சாக நிறுத்திக் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். ஒன்று சாதனா, அறை 13. இன்னொன்று அனந்தகிருஷ்ணன், அறை 2, அப்பாவோடு வாரா வாரம் பஜனைக்குப் போனவர்.

மூன்று வாரம் முன்பு ஒரு செவ்வாய்க்கிழமை கதவு தட்டப்பட்டது ஞாபகம் வந்தது. தட்டின தட்டில் மேஜை ஆடி, மானிட்டரில் எழுத்து நடுங்கியது. யாரோ அறை மாறி வந்திருக்கிறார்கள், தன்னைத் தேடி யார் வரப்போகிறார்கள் என்று ஓய்கிறவரை சும்மா இருந்தாள். தட்டியவனுக்கும் அவளுக்கும் நடுவே ஒரு மரக்கதவும் ஒரு மானிட்டரும்தான்.

அவள் நிகிலுக்குப் போன் செய்தாள். மூன்று வருஷத்தில் இரண்டாம் தடவை.

"நிகில், ஒரு டவுட்பா. சாந்தா சதன் ஃபைல்ல பதினாலாம் நம்பர்ல ஆள் இல்லேன்னு போட்டிருக்கு. ஒருவேளை ஆள் இருந்தா?"

"இருந்தா வந்து சொல்லணும் ஆன்ட்டி. அப்ஜெக்‌ஷன் குடுக்க இருபத்தஞ்சாம் தேதி வரைக்கும் டைம் இருக்கு. அப்புறம் லிஸ்ட் லாக். புது பில்டிங்ல அந்த ரூமுக்கு வீடு கிடையாது. பழைய ரூமையும் காலி பண்ணணும்."

"ஆதார்ல அட்ரஸ் இருந்தாப் போறாதா?"

"ஆதார் அட்ரஸைத்தான் சொல்லும். உள்ளே ஆள் இருந்தாங்களான்னு பக்கத்து ரூம்காரங்கதான் சொல்லணும். கையெழுத்துப் போட்ட ரெண்டு பஞ்சும், நாங்க சொன்னது தப்புன்னு எழுதிக் குடுத்துட்டா காம் கதம், வேலை முடிஞ்சுது. ஏன் ஆன்ட்டி, உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?"

"ம். தெரிஞ்சவாதான்" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

அப்பா கட்டிலும் அம்மா கல்லுரலும் அவள் பிறந்த மூலையும் இருக்கிற அறை அது. அது போனால் போக வேறு இடம் கிடையாது. இருபத்தைந்துக்கு ஏழு நாள் இருந்தது.

வலப் பக்கத்து ஃபைல் திறந்தே கிடந்தது. மாற்றி எழுதத் தோதாக ஆக்குவதுதானே அவள் வேலை? யாருமில்லை என்ற இடத்தில் கர்சரை வைத்தாள். அழித்தாள். மிஸ் பி. வாலாம்பாள், வயது 61, பிறந்ததிலிருந்து வசிக்கிறார் என்று அடித்தாள். அடிக்க இருபது விநாடிகூட ஆகவில்லை. யாரும் ஸ்கேனை எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கப் போவதில்லை. அப்படிப் பார்க்கத்தான் அவளுக்குக் கூலி.

ஆனால் கீழே அந்த இரண்டு கையெழுத்தும் இருந்தன. கையெழுத்தை மட்டும் அந்த வலைத்தளத்தால் எழுத்தாக்க முடியாது, படமாகவே விட்டுவிடும். அவள் அடித்த வரிக்கு அடியில் அவர்கள் கையெழுத்துப் போட்டது போல் ஆகிவிட்டது. பார்க்கவே கூசியது. போதாததற்கு, தான் இருப்பதாகத் தானே அடித்துக்கொள்வதில் என்ன இருக்கிறது? ஒன்பது வருஷமாக அவள் ஒருத்தி மட்டும்தானே அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அடித்ததை அழித்து, யாருமில்லை என்பதைத் திரும்ப அடித்து, நாற்பத்தாறையும் அனுப்பினாள். கட்டைவிரல் வந்தது.

மறுநாள் காலை நல்ல புடவையாக ஒன்றைக் கட்டிக்கொண்டாள். பின்படியில் இறங்கி, கட்டடத்தைச் சுற்றி வந்து, முன்படியில் ஏறினாள். பக்கத்து வீட்டுக்குப் போக மூன்று மாடி இறங்கி மூன்று மாடி ஏற வேண்டியிருந்தது. பதின்மூன்றின் மணியை அடித்தாள். இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் திறந்தாள்.

"யாரைப் பார்க்கணும் மாமி?"

"உன்னைத்தாம்மா. பதினாலாம் நம்பர்..."

"அது பூட்டியே கிடக்கே. வாடகைக்கு விடறாளான்னு கேட்டுண்டு நிறையப் பேர் வரா. எனக்குத் தெரியாது மாமி, கீழே அனந்தகிருஷ்ணன் மாமாகிட்ட கேளுங்கோ. ரெண்டாம் நம்பர்."

குழந்தை சிணுங்கியது. சாதனா சிரித்துக்கொண்டே கதவைச் சாத்தினாள். நல்ல பெண்தான், மரியாதையாகத்தான் சொன்னாள். தன் வீட்டு வாசலில் நின்றுகொண்டு, தன் வீடு காலியா என்று விசாரிக்க வந்தவளாக ஆகிவிட்டாள் வாலாம்பாள். மறுபடி மணி அடிக்கத் தைரியம் வரவில்லை. கீழே இறங்கினாள்.

அனந்தகிருஷ்ணனுக்கு எழுபத்தெட்டு வயது. ஆடிட் ஆபீஸில் இருந்து ரிடையர் ஆன பாலக்காட்டுக்காரர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"பஞ்சுவோட பொண்ணாக்கும்! நீ ஆபீஸோட டெல்லிக்குப் போயாச்சுன்னல்லவா நான் நெனச்சிண்டிருந்தேன். எப்போ வந்தே?"

"நான் எங்கேயும் போகலை மாமா. இங்கேதான் இருக்கேன்."

"எத்தனை நாளா?"

"பொறந்ததுலேர்ந்து."

விஷயத்தைச் சொன்னாள். அவர் காதில் வாங்கிக்கொண்டே தலையை மெல்ல ஆட்டிக்கொண்டிருந்தார். அப்புறம் ஆட்டுவதை நிறுத்தினார்.

"வாலா, கோவிச்சுக்காதே. நான் கையெழுத்துப் போட்ட காகிதத்துல பொய் இருந்துட்டுதுன்னு எனக்கே கஷ்டமாயிருக்கு. அதுக்காக இன்னொரு பொய் எழுத மாட்டேன். ஒம்பது வருஷமா நான் உன்னைப் பார்க்கலை. பார்த்தேன்னு எப்படி எழுதறது? இன்னிக்குப் பார்த்தேன்னு வேணா எழுதறேன்."

அவளுக்குக் கோபம் வந்தது. இத்தனை வருஷத்துக் கோபம் என்றே சொல்லலாம்.

"ஒரு தடவை மேல வந்து கதவைத் தட்டியிருந்தா பார்த்திருப்பேள் மாமா. அப்பாவோட எத்தனை நாள் எங்காத்துல காபி சாப்பிட்டிருக்கேள்."

"தட்டியிருந்தா நீ திறந்திருப்பியோ?"

கேட்டுவிட்டுப் பெரியவருக்கே ஒருமாதிரி ஆகிவிட்டது. சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார். "வா. அந்தப் பதின்மூணு ஒரே சுவராக்கும். அவ ஏதாவது பார்த்திருந்தா அவ எழுதட்டும். நான் நெனச்சது தப்புன்னு அதுக்குக் கீழே நான் எழுதறேன். அது பொய்யில்லை." ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு மூன்று மாடியும் ஏறினார். ஒன்பது வருஷம் முன்பே ஏறியிருக்கக்கூடாதா என்று அவள் மனசுக்குள் நொடித்துக்கொண்டே பின்னால் போனாள்.

சாதனா கதவைத் திறந்தாள். பெரியவர்தான் பேசினார்.

"இது பஞ்சாபகேசன் பொண்ணு. பேர் வாலாம்பாள். பதினாலுலதான் இருக்கா. பின்படி வழியாப் போய்வந்துண்டிருக்கா. நாம ரெண்டு பேரும் ஆளில்லேன்னு கையெழுத்துப் போட்டு வெச்சிருக்கோம்."

சாதனா வாலாம்பாளையே பார்த்தாள். இடுப்புக் குழந்தையைக் கீழே இறக்கிவிட்டாள்.

"மாமி, அப்போ காலங்கார்த்தால இருமறது நீங்களா?"

தான் தினம் இருமுகிறோம் என்பதே வாலாம்பாளுக்குத் தெரியாது. கூட ஒருவர் இருந்தால்தானே அதையெல்லாம் சொல்வார்கள்.

"நான் கல்யாணமாகி வந்தது கோவிட் செகண்ட் வேவ்ல" என்றாள் சாதனா. "எல்லாருக்கும் பயம். இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் தினம் ஆறரை மணிக்கு ஒருத்தர் இருமுவா. பூட்டின வீட்டுலேர்ந்து இருமல்! ஆதர்ஷ்கிட்ட சொன்னா, பேய்க்கும் கோவிட் வந்துடுத்தான்னு கேலி பண்றான். மேல் மாடியோ, பின்னாடி பில்டிங்கோன்னு விட்டுட்டேன். ஆனா ஒருநாள் கேக்கலைன்னா எனக்குத் திக்குனு இருக்கும் மாமி. காபிக்குப் பாலை வெச்சுட்டு இங்கே வந்து காதை வெச்சுண்டு நிப்பேன். நாலு வருஷமா அது பழக்கமாயிடுத்து. கேட்டப்புறம்தான் எனக்கு அடுத்த வேலை ஓடும்."

"அப்புறம் ஏம்மா ஆளில்லேன்னு கையெழுத்துப் போட்டே?" வாலாம்பாளின் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"சத்தம் கேக்கும்னு சொன்னேனே. அந்த சர்வே ஆள், தேகா ஹை க்யான்னு அதையே கேக்கறான். பார்த்ததில்லேன்னேன். காதால கேட்டதுக்கெல்லாம் இதுல கட்டம் கிடையாது மேடம்னுட்டான்."

வாலாம்பாள் அங்கேயே வராந்தாவில் உட்கார்ந்து அழுதாள். அறை பிழைத்தது என்று அழுதாளா, நாலு வருஷம் சுவருக்கு அந்தப் பக்கம் ஒருத்தி தனக்காகக் காது வைத்துக்கொண்டு நின்றிருக்கிறாள், அது தெரியாமலே இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தோமே என்று அழுதாளா, அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியாது. அனந்தகிருஷ்ணன் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் அந்தப் பெரிய பூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். குழந்தை மட்டும் கிட்டே வந்து அவள் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தது.

அன்றைக்கே இரண்டு பேரும் எழுதிக்கொடுத்தார்கள். பத்து நாள் கழித்து நிகில் அனுப்பிய ஃபைல்களில் அந்தக் கடிதமும் இருந்தது. சாதனா கையால் எழுதியதை வலைத்தளத்தால் படிக்க முடியவில்லை, ஒரு பக்கம் பூராவும் கிறுக்கலாக்கி வைத்திருந்தது. எனவே, தினமும் காலையில் இவர் இருமுவதை நாலு வருஷமாக நான் கேட்டுவருகிறேன் என்ற வரியை வாலாம்பாளே கைப்பட அடிக்க வேண்டியதாயிற்று. லிஸ்டில் பதினாலாம் நம்பருக்கு நேரே, வசிப்பவர் ஒருவர் என்று போட்டிருந்தார்கள்.

முன்வாசல் பூட்டைக் கழற்றிவிட்டாள். மேஜையை நகர்த்திக் கொடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆதர்ஷ் வந்தான். கேபிள் எட்டவில்லை. கேபிள்காரன் நாளைக்கு வருகிறேன் என்றான், இன்னும் அந்த நாளை வரவில்லை. ஆகவே முன்கதவு திறக்காமலேதான் இருக்கிறது. சாதனாவுக்கும் ஆபீஸ், குழந்தை என்று ஓட்டம். முதல் வாரம் இரண்டு தரம் பின்படி வழியாக வந்து உட்கார்ந்துவிட்டுப் போனாள். அப்புறம் எப்போதாவது. அதற்காக அவளைக் குறை சொல்ல முடியாது. நாற்பது ஃபைல், நாளைக்கு அஞ்சு மணி என்று வந்துகொண்டுதான் இருக்கிறது.

டாக்டரிடம் போய், இருமலுக்கு மருந்து வாங்கிக்கொள்ளுங்கள் மாமி என்று சாதனா சொல்லியிருந்தாள். வாலாம்பாளும் வாங்கிச் சாப்பிட்டாள். ஒரே மாதத்தில் இருமல் நின்றுவிட்டது. இருந்தும் காலை ஆறரை மணிக்கு அவள் எழுந்து சுவரோரமாகப் போய் நின்று, அந்தப் பக்கம் பால் பொங்குவதற்குள் கேட்கட்டும் என்று ஒரு தடவை பலமாக இருமிவிட்டுத்தான் பல் தேய்க்கப் போகிறாள்.